பறக்கும் விமானத்தில் புரொப்பெல்லர் எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பறப்பவர்களுக்கு ஏடிஆர் 72 விமானம் பழக்கமானது. இறக்கை மேலே, ஜன்னல் கீழே; இடைவெளியில் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த விமானத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நினைவில் வைக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான்: பக்கத்துக்கு 6 பிளேடுகள், விட்டம் 3.93 மீட்டர், புறப்படும்போது நிமிடத்துக்கு 1200 சுற்று, உயரே போனபின் அதில் 82 சதவீதம், அதாவது 984 சுற்று.

பறக்கும்போது பிளேடுகள் தனித்தனியாகத் தெரியாதது ஏன்?

நிமிடத்துக்கு 984 சுற்று என்றால் நொடிக்கு 16.4 சுற்று. ஆறு பிளேடுகள் இருப்பதால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே இடத்தை ஒரு நொடியில் 98 பிளேடுகள் கடந்து போகின்றன. நம் கண் இவ்வளவு வேகமான மாற்றத்தைப் பிரித்தறிவதில்லை. விழித்திரையில் விழும் ஒளி சிறிது நேரம் சேர்த்து வைக்கப்பட்டே மூளைக்குச் செய்தியாகிறது. ஒளி நொடிக்கு 50, 60 தடவைக்கு மேல் மின்னி மறைந்தால் பெரும்பாலான சூழல்களில் அது மின்னுவதாகவே நமக்குத் தெரியாது. தொடர்ந்து எரிவதாகத்தான் படும். பளிச்சென்ற வெளிச்சத்திலும் ஓரப் பார்வையிலும் இந்த எல்லை சற்று உயரும்.

வீட்டு மின்விசிறியோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். மூன்று இறக்கை விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால், நொடிக்குப் பதினெட்டு இறக்கைகள்கூடக் கடப்பதில்லை. அது கண்ணின் எல்லைக்குள் அடங்கிய வேகம். அதனால்தான் விசிறி மங்கலாகத் தெரிந்தாலும் ஒரு படபடப்பு மிச்சம் இருக்கிறது. ஏடிஆரில் அந்தப் படபடப்பும் அடங்கிவிடுகிறது.

அப்படியானால் முழுதாக மறைய வேண்டியதுதானே? ஏன் மெல்லிய சாம்பல் வட்டு தெரிகிறது?

எல்லையைத் தாண்டிய வேகத்தில் கண்ணுக்குக் கிடைப்பது சராசரி. ஒரு புள்ளியை நூற்றில் பதினைந்து பங்கு நேரம் கறுப்புப் பிளேடு மறைக்கிறது, மீதி எண்பத்தைந்து பங்கு நேரம் பின்னாலுள்ள மேகம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் அதைப் பதினைந்து சதவீதம் மங்கிய மேகமாகவே காணும். இதற்கு டால்போட்–பிளேட்டோ விதி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே வகுக்கப்பட்டது.

வட்டு எல்லா இடத்திலும் ஒரே அளவு மங்கலாக இல்லை என்பதையும் கவனியுங்கள். மையத்துக்கு அருகே சுற்றளவு சிறியது. அங்கே பிளேடுகள் நெருக்கமாக நிற்பதால் நிழல் அடர்த்தியாக இருக்கும். விளிம்பை நோக்கிப் போகப் போக அது நீர்த்துவிடும். பிளேடு நுனியில் வெள்ளையோ மஞ்சளோ பூசியிருந்தால் அந்த நிறம் ஒரு வளையமாகக் காற்றில் தொங்கும். வெயில் சரியான கோணத்தில் பட்டால் வட்டில் ஓரிடத்தில் மட்டும் வெளிச்சக் கீற்று அசையாமல் நிற்கும். ஒவ்வொரு பிளேடும் அந்தக் கோணத்தை அடையும்போதெல்லாம் பளிச்சிடுகிறது, அவ்வளவுதான்.

பின்னணியும் முக்கியம். வெள்ளை மேகத்துக்கு முன்னால் கறுப்புப் பிளேடு நன்றாகப் பதிகிறது. கரும்பச்சைக் காட்டுக்கு மேலே பறக்கும்போது அதே வட்டு ஏறக்குறைய காணாமல் போகிறது.

எந்த இருக்கையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்?

புரொப்பெல்லருக்கு நேர்பக்கத்தில் உட்கார்ந்தால் வட்டின் விளிம்பு மட்டுமே உங்களை நோக்கியிருக்கும். பார்க்க எதுவும் இல்லை, இரைச்சல்தான் மிச்சம். சில வரிசைகள் பின்னால் தள்ளி உட்காருங்கள். அங்கிருந்து வட்டு நீள்வட்டமாகத் தெரியும், மேகமும் நிலமும் அதன் வழியே நகரும்.

நான் எடுத்த வீடியோவில் விமானம் புறப்படுகிறது, ஆனால் புரொப்பெல்லர் சுற்றவே இல்லை. அது எப்படி?

இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கணக்கு அத்தனை கச்சிதமாகப் பொருந்துகிறது.

போன் வீடியோ பொதுவாக நொடிக்கு 30 பிரேம் எடுக்கும். புறப்படும்போது நிமிடத்துக்கு 1200 சுற்று, அதாவது நொடிக்கு 20 சுற்று. ஆறு பிளேடுகளோடு பெருக்கினால் 120. ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையே 120ஐ 30ஆல் வகுத்தால் வரும் 4 பிளேடுகள் கடந்திருக்கும். மிச்சமில்லாத வகுத்தல். முதல் பிளேடு நின்ற இடத்தில் இப்போது வேறொரு பிளேடு நிற்கிறது. ஆறும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதால் ஆள் மாறியதே தெரியாது. ஒவ்வொரு பிரேமும் முந்தைய பிரேமின் நகலாகிவிடுகிறது. நொடிக்கு 60 பிரேம் வைத்தாலும் தப்ப முடியாது; 120ஐ 60ஆல் வகுத்தால் 2, அதுவும் முழு எண்.

மேலே போய் 984 சுற்றுக்குக் குறைந்ததும் காட்சி மாறும். நொடிக்கு 25 பிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு பிரேம் இடைவெளியில் 3.936 பிளேடுகள் கடக்கும். முழுதாக நான்கு கடந்திருந்தால் படம் உறைந்திருக்கும், கொஞ்சம் குறைகிறது. அந்தக் குறை ஒவ்வொரு பிரேமிலும் சுமார் 4 பாகை பின்வாங்கலாகத் தெரியும். விளைவு, நிமிடத்துக்கு 16 சுற்று என்ற கணக்கில் புரொப்பெல்லர் சோம்பலாகப் பின்னோக்கிச் சுற்றுவது போன்ற தோற்றம். அதே நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரர் 24 பிரேம் வேகத்தில் எடுத்தால் அவர் படத்தில் அது நிமிடத்துக்கு 24 சுற்று முன்னோக்கிச் சுற்றும். ஒரே விமானம், ஒரே நொடி, இரண்டு எதிர்த் திசைகள்!

இந்த மாயத்தை மனிதர்கள் வேண்டுமென்றே உருவாக்கத் தொடங்கியது 1832இல். பெல்ஜியத்தின் ஜோசப் பிளேட்டோவும் ஆஸ்திரியாவின் சைமன் ஸ்டாம்ப்ஃபரும் தனித்தனியே, துளையிட்ட சுழல் வட்டுகளைக் கொண்டு அசையும் படங்களைக் காட்டினார்கள். மேலே சொன்ன சராசரி விதியில் பெயர் இருப்பதும் அதே பிளேட்டோதான்.

புகைப்படத்தில் பிளேடுகள் வாழைப்பழம் போல வளைந்தும், சில சமயம் அறுந்து மிதப்பது போலவும் தெரிகின்றன. பிளேடு உண்மையில் வளைகிறதா?

காற்றின் விசையால் பிளேடு சிறிதளவு வளைவது உண்மை. படத்தில் தெரியும் வளைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குற்றவாளி ரோலிங் ஷட்டர்.

போன் கேமராவின் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாகக் கீழே படித்துக்கொண்டு போகிறது. மொத்தம் 60இல் ஒரு பங்கு நொடி ஆகிறது என்று கொள்வோம். இது போனுக்குப் போன் மாறும். அதற்குள் புரொப்பெல்லர் 98 பாகை, அதாவது கால் சுற்றுக்கும் மேல் திரும்பிவிடுகிறது. படத்தின் மேல் வரியில் இருப்பதும் கீழ் வரியில் இருப்பதும் வெவ்வேறு கணங்கள்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். வட்டு படத்தின் உயரத்தை நிறைத்திருந்தால், சென்சார் அந்த 3.93 மீட்டரை நொடிக்கு சுமார் 236 மீட்டர் வேகத்தில் படித்து இறங்குகிறது. பிளேடு நுனியின் வேகம் நொடிக்கு சுமார் 202 மீட்டர். இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால்தான் கோணல் இவ்வளவு மோசமாக இருக்கிறது. பிளேடு கீழே இறங்கும் பக்கத்தில் அது படிக்கும் வரியோடு சேர்ந்தே ஓடுகிறது. அதனால் இழுபட்டு அகலமாகப் பதிகிறது. மேலே ஏறும் பக்கத்தில் பிளேடுகள் வரிக்கு எதிரே வருகின்றன. அங்கே மெலிந்த பிளேடுகள் கூடுதல் எண்ணிக்கையில் தெரியும். அப்படிப்பட்ட படத்தில் பிளேடுகளை எண்ணி "எட்டு இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. படத்தை நம்பாதீர்கள், விமானம் நின்றபின் எண்ணுங்கள்.

இது டிஜிட்டல் காலத்து நோய் என்று நினைக்க வேண்டாம். படச்சுருளுக்கு முன்னால் ஒரு கீற்று நகர்ந்து ஒளியை விடும் பழைய கேமராக்களிலும் இது உண்டு. 1910களில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ழாக் ஆன்றி லார்டிக் எடுத்த பந்தயக் கார் படம் புகழ்பெற்றது: சக்கரம் முன்பக்கம் சாய்ந்த முட்டை போலவும், ஓரத்தில் நிற்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் இருப்பார்கள்.

இந்தக் கோணலைத் தவிர்க்க வழி உண்டா?

ஓரளவு. வெயிலில் போன் தானாகவே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான நேரமே ஒளியை எடுக்கிறது. பிளேடு கூர்மையாகப் பதிந்து, கோணலும் கூர்மையாகத் தெரிகிறது. லென்ஸுக்கு முன்னால் ஒளியைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் வைத்தால் ஒளியெடுக்கும் நேரம் நீளும், பிளேடு மங்கலாகி இயல்பான வட்டுக்கு நெருங்கும். குளிர்கண்ணாடியைப் போன் முன் பிடிப்பதும் கொஞ்சம் உதவும், படத்தின் நிறம் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு.

முழுத் தீர்வு குளோபல் ஷட்டர். எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் எடுக்கும் சென்சார். 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஆல்பா 9 வரிசையின் மூன்றாம் கேமராதான் முழுப் பிரேம் மிரர்லெஸ் கேமராக்களில் (பெரிய சென்சார் கொண்ட, உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத வகை) இதைக் கொண்டுவந்த முதல் மாடல். விலையைப் பார்த்தபின் வளைந்த பிளேடும் அழகுதான் என்று தோன்றும்.

விமானப் படம் எடுக்க எந்த ஷட்டர் வேகம் நல்லது?

அனுபவமுள்ளவர்கள் புரொப்பெல்லர் விமானத்துக்கு 250இல் ஒரு பங்கு நொடி அல்லது அதைவிட மெதுவாக வைப்பார்கள். ஏடிஆரில் அந்த நேரத்தில் ஒவ்வொரு பிளேடும் 24 பாகை நகர்கிறது. சுற்றுகிறது என்று படத்திலேயே புரியும். முழு வட்டு வேண்டுமென்றால் ஒரு பிளேடு அடுத்த பிளேடின் இடத்தை எட்டும் வரை திறந்திருக்க வேண்டும். ஏடிஆருக்கு அது 98இல் ஒரு பங்கு. 2400 சுற்றில் ஓடும் இரண்டு பிளேடு சிறிய விமானமான செஸ்னா 172க்கு 80இல் ஒரு பங்கு.

4000இல் ஒரு பங்கு வைத்தால் நுனிகூட 5 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். படம் துல்லியம், ஆனால் இன்ஜின் அணைந்த விமானம் வானத்தில் தொங்குவது போல இருக்கும். என் பார்வையில் அது தொழில்நுட்பம் தெரிந்தவர் எடுத்த தோல்விப் படம்.

கேமராவே இல்லாமல், வெறும் கண்ணாலேயே பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்த்தேன். பிரமையா?

செயற்கை விளக்கில் பார்த்திருந்தால் பிரமை அல்ல. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண சோடியம் விளக்குகளும் மலிவான எல்இடிகளும் நொடிக்கு 100 தடவை மின்னுகின்றன. ஒவ்வொரு மின்னலும் கேமராவின் ஒரு பிரேம் போல வேலை செய்யும். ஆறு பிளேடு புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1000 சுற்றை நெருங்கினால் அந்த விளக்கின் கீழ் கிட்டத்தட்ட உறைந்துபோகும்.

பகல் வெளிச்சத்தில் கண்டீர்களா? அப்போது விவகாரம் சிக்கலானது. தொடர்ச்சியான ஒளியிலும் மனிதர்கள் பின்சுழற்சியைக் காண்பதாக 1996இல் நரம்பியல் ஆய்வாளர் டேல் பர்வ்ஸ் குழுவினர் எழுதினார்கள். கண்ணும் கேமரா போலத் துண்டு துண்டாகப் படமெடுக்கிறதா, அல்லது மூளையில் அசைவை உணரும் நரம்புகள் திசையைத் தவறாகப் படிக்கின்றனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

இரவில் மேகத்துக்குள் போனபோது ஆறு பிளேடுகளும் ஒரு கணம் தெளிவாகத் தெரிந்து மறைந்தன. என்ன அது?

இறக்கை நுனியில் விட்டுவிட்டுப் பளிச்சிடும் ஸ்ட்ரோப் விளக்கு. மேகத்தில் அதன் ஒளி சிதறிப் புரொப்பெல்லர் மீதும் விழுகிறது. பழைய செனான் விளக்கின் பளிச்சிடல் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு. அதற்குள் பிளேடு 6 பாகைகூட நகர்வதில்லை. எல்இடி ஸ்ட்ரோப்களின் பளிச்சிடல் நீளமானது என்பதால் அந்தக் கூர்மை கிடைக்காது.

மூக்கில் புரொப்பெல்லர் உள்ள சிறிய விமானத்தில் விமானிக்குப் பார்வை மறைக்காதா?

மறைக்காது. அவர் சராசரி விதியின் நல்ல பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பிளேடு வட்டு பெரும்பங்கு வெற்றிடம்தான். விமானியை நோக்கிய பிளேடு முதுகில் பளபளக்காத கறுப்பு பூசுவது வழக்கம். இல்லாவிட்டால் வெயில் பட்டு வட்டு முழுவதும் வெளுத்துவிடும்.

கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரிவது துப்பாக்கிக் குண்டுக்கு வெற்றிடம் அல்ல என்பது முதல் உலகப் போரில் பெரிய தலைவலியாக இருந்தது. பிரெஞ்சு விமானி ரோலண்ட் காரோஸ் பிளேடுகளில் எஃகு ஆப்புகளைப் பொருத்தி, பட்ட குண்டுகள் தெறித்துப் போகட்டும் என்று நேரே சுட்டார். 1915 ஏப்ரலில் அவர் ஜெர்மானியர் வசம் இறங்க நேர்ந்தது. சில மாதங்களில் ஃபோக்கர் விமானங்கள் பிளேடு வழிவிடும் கணத்தில் மட்டும் சுடும் பொறியமைப்போடு வந்தன.

இன்றைய விமானிக்கு உள்ள சங்கடம் வேறு. இன்ஜினைத் தணித்து நிமிடத்துக்கு 600 சுற்றில் வைத்து, எதிரே தாழ்ந்த சூரியன் இருந்தால், இரண்டு பிளேடு புரொப்பெல்லர் நொடிக்கு 20 தடவை வெளிச்சத்தை வெட்டும். நொடிக்கு 4 முதல் 20 வரையான மினுக்கல் சிலருக்குத் தலைசுற்றலும் திசைத் தடுமாற்றமும் தரும். வேகத்தைச் சற்று மாற்றினாலோ மூக்கைத் திருப்பினாலோ போதும்.

விமானம் வேகமாகப் போகும்போது புரொப்பெல்லரும் வேகமாகச் சுற்றுமா?

ஏடிஆர் போன்றவற்றில் இல்லை. சுழற்சி வேகத்தை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி நிலையாக வைத்திருக்கும். பிளேடுகளின் கோணம்தான் மாறும்.

பயணிகள் ஏறும்போது இன்ஜின் சத்தம் கேட்கிறது, புரொப்பெல்லர் சுற்றவில்லை. பழுதா?

இல்லை. ஏடிஆரில் தரையில் மின்சாரமும் குளிர்காற்றும் தரத் தனியாகச் சிறு இன்ஜின் கிடையாது. வலது இன்ஜினின் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு டர்பைனை ஓடவிடுவார்கள். ஹோட்டல் மோடு என்பார்கள்.

வானத்தில் பிளேடுகள் தனித்தனியாக, அசையாமல் தெரிந்தால் அந்த இன்ஜின் நிறுத்தப்பட்டிருக்கிறது. காற்றை எதிர்க்காதபடி பிளேடுகளை விளிம்பு முன்னோக்கத் திருப்பியிருப்பார்கள். ஒற்றை இன்ஜினில் பறந்து இறங்கும் தகுதியோடுதான் இவ்வகை விமானங்கள் சான்றிதழ் பெறுகின்றன. வீடியோவில் நின்றது போலத் தெரிந்தால் பணிப்பெண்ணை அழைக்கும் முன் ஒருமுறை வெறும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பிளேடு நுனியில் நிறம் பூசுவது அழகுக்கா?

உயிருக்கு. ஓடும் புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது என்பது ஓடுதளத்தில் ஆளைக் கொல்லும் உண்மை. நுனி நிறம் ஒரு வளையத்தை உண்டாக்கி எல்லையைக் காட்டுகிறது. இன்னும் நல்ல முறை, இரண்டு பிளேடுகளிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை இடம் மாற்றிப் பூசுவது. ஒன்றில் வெள்ளை இருக்கும் இடத்தில் மற்றதில் கறுப்பு வருவதால், மெதுவாகச் சுற்றும்போது படபடப்பு உண்டாகிக் கண்ணை இழுக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி பூசினால் அமைதியான வளையங்கள்தான் மிஞ்சும். எதைப் பூசினாலும் விதி ஒன்றே: நிற்கும் புரொப்பெல்லருக்கும் அருகே போகாதீர்கள்.

மழைநாளில் புரொப்பெல்லரைச் சுற்றி வெள்ளைச் சுருள் தெரிந்தது. புகையா?

நீர்த்துளிகள். பிளேடு நுனியில் காற்று சுழன்று அழுத்தம் குறையும். குளிர்ந்த ஈரக்காற்றில் ஆவி துளியாகிறது. சுழன்றபடியே விமானம் முன்னேறுவதால் அது திருகுச் சுருளாக நீள்கிறது. நொடிக்கு 60 மீட்டர் ஓடும் ஏடிஆரில் 120 பிளேடுகள் கடந்தால் சுருளுக்குச் சுருள் அரை மீட்டர் இடைவெளி. பருவமழைக் காலத்தில், புறப்படும் நேரத்தில் பாருங்கள். பிளேடு தெரியாவிட்டாலும் அது போன வழி தெரியும்.

ஓவியம் வரைபவர்கள், சிமுலேட்டர் செய்பவர்கள் எப்படிக் காட்ட வேண்டும்?

ஒளி ஊடுருவும் வட்டு, மையத்தில் அடர்த்தி, நுனியில் ஒரு வளையம், வெயில் பக்கம் ஒரு கீற்று. பிளேடுகளை வரைந்தே தீருவேன் என்றால் விமானத்தைத் தரையில் நிறுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாத சுழற்சி வேகத்தை இருக்கையிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், காதால். நொடிக்கு 98 என்பது கண்ணுக்கு எட்டாத வேகம், காதுக்கோ தாராளமாக எட்டும் கனத்த சுருதி. விமானத்துக்குள் கேட்கும் அந்த ரீங்காரம் பெரும்பாலும் பிளேடுகள் கடக்கும் ஒலியே. புறப்பட்ட சில நிமிடங்களில் அது 120இலிருந்து 98க்கு இறங்குவதைச் செவியாலேயே உணரலாம். போனை விமானப் பயன்முறையில் வைத்து, ஒலியின் அதிர்வெண்ணைக் கோடுகளாகக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்தால், 98 ஹெர்ட்ஸ் அருகே உயரமான கோடு நிற்கும். அந்த எண்ணை ஆறால் வகுத்து அறுபதால் பெருக்குங்கள். பக்கத்திலேயே 99இல் இன்னொரு கோடு தெரிந்தால் மறுபக்க இன்ஜின் சற்று வேகமாக ஓடுகிறது. ரீங்காரம் நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவதும் அப்போது கேட்கும்.